அண்டாவுக்குப் பின்னாடி சிக்னல் இல்ல

யாரு, மேகலாக்கா வீடா? தனபாக்கியம் அத்தை மக மேகலா தானே? உக்காருங்கண்ணே, உக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க. ஒரு கால் ஆடும், செவுத்தோரமா போட்டா நிக்கும். பொண்ணு விசயமா விசாரிக்க வந்திருக்கீங்க, அப்படித்தானே? எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்குறீங்களா? வேகாத வெயில்ல அயன் பண்ண வேட்டியோட மேட்டுத்தெருவுக்குள்ள வந்து, தேவையில்லாம ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு, "தம்பி, இந்தத் தெருவுல மக்க மனுசங்க எல்லாம் எப்படி"ன்னு கேட்டா வேற எதுக்குண்ணே?

ஒட்டன்சத்திரமா? மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா? சரி சரி. நல்ல இடமாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க. எதுத்தாப்ல டீக்கடையில கேட்டிருந்தீங்கன்னா ஆளுக்கு ஒண்ணா அவுத்து விட்டிருப்பானுங்க. நான் அப்படி இல்ல. உள்ளத உள்ளபடி சொல்றவன். பொண்ணு தங்கம்ணே. அத முதல்ல மனசுல வச்சுக்கங்க. தங்கம். அந்த வீட்டுல இருந்தது ஒரே ஒரு பிரச்சனை தான். வைஃபை.

சிரிக்காதீங்கண்ணே, நான் சீரியஸா சொல்றேன்.

இந்த அக்காவுக்கு ஒரு பட்டா மனு டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன், அடிச்சுக்கிட்டே சொல்றேன். அக்கா, சர்வே நம்பரச் சொல்லுங்க... ம்... சரி, சிட்டா வச்சிருக்கீங்கல்ல? எடுத்து வைங்க.

மேகலாக்கா எம்.காம். முடிச்சிட்டு வீட்டுல இருந்தே வேலை பாத்தாங்கண்ணே. மெட்ராஸ்ல ஏதோ கம்பெனி. இன்சூரன்ஸ் கட்ட மறந்தவங்களுக்குப் போன் போட்டு ஞாபகப்படுத்தணும். அந்தப் பேச்சு பூராம் நெட்டு வழியாத்தான் போகும். வீடு எப்படின்னா, ரயில் பெட்டி மாதிரி. முன்னாடி ஹாலு, நடுவுல ஒரு ரூமு, கடைசில ஒரு ரூமு. கல்லுச் செவுரு. உள்ள போயிட்டா செல்போன் டவர் சுத்தமா எடுக்காது. ரூட்டர் இருக்கறது ஹால்ல. அக்கா உக்கார்றது கடைசி ரூம்ல. ஏன் ஹால்ல உக்காரலைன்னா, போறவ வர்றவ எல்லாம் தலைய உள்ள நீட்டி, "என்னடி மேகலா, அடுத்தது ஏதும் அமஞ்சுச்சா"ன்னு கேப்பாளுங்க.

என்னது? அடுத்ததுன்னாவா? அதுக்கு வர்றேண்ணே. அது ஒண்ணும் பெரிய விசயம் இல்ல. முதல்ல டெக்னிக்கலா புரிஞ்சுக்கங்க, அப்பத்தான் மத்தது புரியும்.

அக்கா பேசிக்கிட்டு இருக்கும்போதே கட்டாகும். பேசுவாங்க, கட்டாகும். பேசுவாங்க, கட்டாகும். மேனேஜரு சத்தம் போடுறான். "தம்பி ஜெகா, கொஞ்சம் வந்து பாரேன்"னு கூப்பிட்டாங்க. நான் சும்மாவே இதுக்கு அலையிறவன். தெருவுல எனக்குப் பேரே வைஃபை ஜெகன் தான். ஓடுனேன். நடு ரூம்ல ஒரு ஆக்சஸ் பாயிண்ட் மாட்டினேன். வெள்ளையா, தோசைத்தட்டு சைஸுல இருக்கும். ரூட்டர்ல இருந்து ஒயரு இழுத்து அதுக்குக் குடுத்தா, அது அங்கிருந்து புதுசா சிக்னல் விடும். அழகா மாட்டினேன்ணே. பச்சை லைட்டு எரிஞ்சதும் தனம் அத்தை, "சாமி, நீ நல்லா இருப்ப"ன்னு ரெண்டு கையாலயும் என் கன்னத்த வழிச்சு நெட்டி முறிச்சாங்க. சாமின்னுதான் கூப்பிடுவாங்க அப்பல்லாம். குழிப்பணியாரம் சுட்டா எனக்குன்னு தனியா எடுத்து வைப்பாங்க.

மறுநாளே, "தம்பி, பழையபடி கட்டாகுதுடா."

விடுவேனா? முதல்ல பாத்தது ஐபி. வீட்டுல இருக்க ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் குடுக்கணும், ரேஷன் கடை டோக்கன் மாதிரி. ரூட்டரும் டோக்கன் குடுக்குது, ஆக்சஸ் பாயிண்ட்டும் டோக்கன் குடுக்குது. ஒரே டோக்கன் ரெண்டு பேரு கையில இருந்தா வரிசையில சண்டை தானே வரும்? ஒண்ண அமத்துனேன். ஹாலு கும்முனு ஆயிருச்சு. கடைசி ரூமு, ம்ஹூம். அப்புறம் சேனல மாத்துனேன். பக்கத்து வீட்டுக்காரரு ரூட்டரும் அதே சேனல்ல கத்துது. ஒண்ணுல இருந்து ஆறு, ஆறுல இருந்து பதினொண்ணு. ம்ஹூம். ஒயர மாத்துனேன். சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணேன். லேப்டாப்பையே பிரிச்சு மாட்டுனேன். ம்ஹூம். எனக்குச் சோறு இறங்கலண்ணே. எங்கம்மா, "நீ என்னடா அந்த வீட்டுலயே கிடக்க"ன்னு திட்டுது.

அப்புறம் தான் போன்ல ஒரு ஆப்பு போட்டேன். சிக்னல் எங்க எவ்வளவு வருதுன்னு காட்டும். அதப் பிடிச்சுக்கிட்டு ஹால்ல இருந்து பொடி நடையா உள்ள போறேன். ஹாலு ஓகே. நடு ரூமு சூப்பர். கடைசி ரூம் வாசல்படி கிட்டப் போனதும் அப்படியே விழுந்துச்சு பாருங்க. யாரோ கழுத்த நெரிச்ச மாதிரி. திரும்பிப் பாத்தா, நடு ரூமுக்கும் கடைசி ரூமுக்கும் நடுவுல இருக்க செவுரு பூராம், தரையில இருந்து பரணு வரைக்கும், சீர்ப் பாத்திரம்!

ஸ்டீல் பீரோ. அதுக்குப் பக்கத்துல சாக்குல கட்டுன அண்டா, பெரிசுக்குள்ள சின்னதா அஞ்சாறு. எவர்சில்வர் குடம், தூக்குவாளி, தாம்பாளம், இட்லிச் சட்டி, பித்தளை குத்துவிளக்கு. அட்டைப்பெட்டி பிரிக்காத கிரைண்டர். எல்லாம் தகரமும் இரும்பும். சிக்னலுக்கு அது மதில் சுவரு மாதிரிண்ணே. மோதித் திரும்பி வந்துரும். எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. கண்டுபிடிச்சிட்டேன்! தெருவுக்கே கேக்குற மாதிரிக் கத்துனேன். "அத்தே, அண்டா தான் பிரச்சனை! அண்டாவ நகத்துனா எல்லாம் சரியாயிரும்!"

அத்தை மூஞ்சி எப்படியோ போயிருச்சு. "அதுல கை வைக்காத சாமி. வேற வழி இருந்தாப் பாரு."

"வேற வழி இல்லத்தே. ஆக்சஸ் பாயிண்ட்ட அந்தப் பக்கம் கொண்டு போறதுன்னாலும் பீரோவ நகத்தித்தான் ஓட்டை போடணும்."

"அப்ப விட்டுரு."

பாருங்கண்ணே! நோவு எங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுத்தா வேணாம்ங்கறாங்க.

இந்தா, பேனாவ எடுத்துட்டுப் போனா குடுக்கணும் தம்பி. ஆமா, அங்கயே வை.

என்ன கேட்டீங்க? ஏன் நகத்தக் கூடாதா? அதான்ணே, அது முதக் கல்யாணத்துக்கு வாங்குன சாமான். ஆமா, ஆமா, கல்யாணம் நடக்கல. பொண்ணு மேல ஒரு சொல்லு கிடையாது. அந்த முத்துவேலுங்கற பய வேற ஒருத்தியக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். பத்திரிகை எல்லாம் வச்சு முடிச்சப்புறம். அத்தைக்குப் புருசன் கிடையாது, பாத்திரச் சீட்டுக் கட்டி வருசக்கணக்குல ஒண்ணு ஒண்ணா சேத்த சாமான். சந்தோசத்துல என்ன பண்ணிட்டாங்க, பொதுவா சீர்ல பொண்ணு பேரு மட்டும் தானே வெட்டுவாங்க, இவங்க ஜோடியா வெட்டிட்டாங்க. "மேகலா - முத்துவேல்." எல்லாத்துலயும். கரண்டியில கூட. இப்ப அத விக்கவும் முடியல, வேற இடத்துக்குக் குடுத்து விடவும் முடியல. சாக்கப் போட்டு மூடி வச்சிருக்காங்க. அவ்வளவு தான் விசயம். சின்ன விசயம். சிக்னலுக்கு வர்றேன்.

போன சித்திரையில வத்தலக்குண்டுல இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளை குவைத்துல ஏசி கம்பெனியில சூப்பர்வைசர். லீவு கிடைக்கல. அதனால அம்மாவும் தங்கச்சியும் ஒரு மாமாவும் மட்டும் வந்தாங்க. மாப்பிள்ளை வீடியோ கால்ல. ஹால்ல எல்லாம் பிரமாதமா போகுது. அந்தத் தங்கச்சி, "ரெண்டு பேரும் தனியாக் கொஞ்சம் பேசட்டும்மா"ன்னு சொல்லிருச்சு. அக்கா லேப்டாப்பத் தூக்கிக்கிட்டுக் கடைசி ரூமுக்குப் போனாங்க. போனதும் கட்டு. வெளிய வந்தா வருது, உள்ள போனா கட்டு. அக்கா முகம் சிவந்து போயி வாசல்படியில நிக்கிறாங்க. மாப்பிள்ளை அங்க இருந்து, "ஹலோ... ஹலோ... கேக்குதா"ங்கறாரு.

தனம் அத்தை கடைக்கு ஓடி வந்தாங்க. என்னைத் தேடித்தான்ணே வந்தாங்க, அத நல்லா மனசுல வச்சுக்கங்க. "ஜெகா, சாமி, ஓடியா. இந்த ஒரு தடவை மட்டும் எப்படியாவது பண்ணிக் குடுத்துரு. அதுல மட்டும் கை வைக்காத"ன்னாங்க.

நான் போயி ரூட்டர அமத்திப் போட்டேன். சேனல மாத்துனேன். ஆக்சஸ் பாயிண்ட்டக் கழட்டிக் கையில உசத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தத் தங்கச்சி பாத்துட்டு, "என்ன தம்பி, ஆரத்தியா எடுக்குறீங்க"ன்னு கேலி பண்ணுது. எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? எனக்குக் காரணம் தெரியும்ணே. காரணம் தெரிஞ்சவன் எப்படிச் சும்மா நிக்கிறது? அத்தை காப்பி கலக்க அடுப்படிக்குப் போனாங்க. நான் ஆக்சஸ் பாயிண்ட்டப் பழையபடி செவுத்துல மாட்டி, சாக்க உருவிட்டு, "மாமா, ஒரு கை பிடிங்க"ன்னேன். அந்த மாமா நல்ல மனுசன். சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டு வந்தாரு. ரெண்டு பேருமா பெரிய அண்டாவத் தூக்கியாந்து ஹால்ல வச்சோம். இடம் ஏது? மாப்பிள்ளையோட அம்மா உக்காந்திருந்த சேர் முன்னாடி தான் இருந்துச்சு. அப்புறம் அடுத்த அண்டா. குடத்த எல்லாம் நானே ரெண்டு ரெண்டாக் கொண்டாந்தேன்.

ஃபுல்லு!

ஃபுல் சிக்னல்ணே! நாலு கோடும்! "அக்கா, வந்துருச்சு, பேசுங்க"ன்னு கத்துனேன். உள்ள இருந்து பேச்சுச் சத்தம் கேக்குது. கட்டாகல. மாப்பிள்ளை ஏதோ சொல்றாரு, அக்கா கலகலன்னு சிரிக்கிறாங்க. அந்த அக்கா சிரிச்சு நான் கேட்டதே இல்லண்ணே. அப்படி ஒரு சிரிப்பு. பேசுறாங்க, சிரிக்கிறாங்க, பேசுறாங்க. ஒரு இடத்துல கூட இழுக்கல, உடையல. கண்ணாடி மாதிரி போகுது.

மாப்பிள்ளை அம்மா அண்டா மேல வெரல வச்சுத் தடவிக்கிட்டே இருந்தாங்க. "தம்பி, இது யாரு முத்துவேலு?"

நான் என்ன பண்றது? பொய் சொல்லவா? வந்த மனுசங்க கிட்ட பொய் சொல்லலாமா? "அது முதல்ல பேசி முடிச்சிருந்த மாப்பிள்ளைங்க. கல்யாணம் நின்னு போச்சு. அதுக்கு வாங்குன பாத்திரம் தான் சிக்னல மறிச்சுக்கிட்டு இருந்துச்சு. அண்டாவுல மட்டும் இல்ல, குடம், தூக்கு எல்லாத்துலயும் அந்தப் பேரு தான்"னு சொன்னேன். குடத்தத் திருப்பிக் கூடக் காட்டுனேன், அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல போல.

தனம் அத்தை காப்பித் தட்டோட வந்து நிக்கிறாங்க. யாரும் எடுக்கல. நான் மட்டும் ஒரு டம்ளர் எடுத்துக்கிட்டேன்.

அந்தம்மா எந்திரிச்சு, "இத முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே"ன்னாங்க. அத்தை, "எம்புள்ள மேல எந்தக் குத்தமும் இல்லம்மா"ன்னாங்க. "குத்தம் இருக்கு, இல்லேங்கறது வேற. மறைச்சு வச்சது வேற"ன்னுட்டு அந்தம்மா தெருவுக்கு இறங்கிட்டாங்க. அங்க தான் டவர் கிடைக்கும். மகனுக்குப் போன் போட்டாங்க. மாமா சட்டைக் கைய இறக்கி விட்டுக்கிட்டே பின்னாடி போனாரு. என் மூஞ்சிய ஏறெடுத்தும் பாக்கல. சேந்து தூக்குன மனுசன்ணே.

நான் சிக்னல் நிக்குதான்னு பாக்கக் கடைசி ரூமுக்குப் போனேன். அக்கா லேப்டாப்பு முன்னாடி உக்காந்திருக்காங்க. தலைமுடிய ஒதுக்கி விட்டுக்கிட்டு. "தம்பி, ஒரு நிமிசம் அம்மா கூப்பிடுறாங்கன்னு சொன்னாரு. அப்புறம் காணோம். நெட்டு கட்டாயிருச்சா?"ன்னு கேட்டாங்க.

நான் ஆப்ப எடுத்துக் காட்டுனேன். "இல்லக்கா, நம்ம பக்கம் ஃபுல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல. அவரு தான் வச்சுட்டாரு."

அதுக்கப்புறமும் அக்கா ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. நானும் நின்னு பாத்தேன், ஒரு தடவை கூட சிக்னல் இறங்கல.

இப்பச் சொல்லுங்கண்ணே, நான் பண்ணுனது என்ன தப்பு? வேலை சுத்தமா முடிஞ்சுச்சா இல்லையா? அன்னிக்குச் சாயந்திரம் தனம் அத்தை ஆக்சஸ் பாயிண்ட்டச் செவுத்துல இருந்து பேத்து எடுத்து, ஒயரோட கொண்டாந்து, கடை வாசல்ல என் காலடியில வீசுனாங்க. "நாசமாப் போறவனே, உனக்கும் ஒரு அக்கா தங்கச்சி இருந்தாத் தெரியும்"னாங்க. தெருவே பாக்குது. நான் என்ன பண்ணேன்? பாத்திரத்துல பேரு வெட்டுனது நானா? முத்துவேலக் கூட்டிக்கிட்டு ஓடுனது நானா? அவங்க கூப்பிட்டாங்க, நான் போனேன்.

மேகலாக்கா மறுநாள் வந்தாங்க. நான் விட்டுட்டு வந்த ஸ்க்ரூ டிரைவரக் குடுத்தாங்க. "தம்பி, உனக்கு நெட்டு மட்டும் தான் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. "இல்லக்கா, சிசிடிவியும் போடுவேன்"னேன். என்னையே பாத்துட்டுப் போயிட்டாங்க. ஆர்டர் எதுவும் சொல்லல.

அப்புறம் அந்த வேலையும் போச்சு. போகத்தானே செய்யும்? அண்டாவத் திரும்ப அதே இடத்துல அடுக்கிட்டாங்களே! இப்பப் பக்கத்துல நூல் மில்லு ஆபீஸுக்குப் போறாங்க. இந்த வழியாத்தான் போவாங்க. நான் வலியப் போயி, "அக்கா, நல்லா இருக்கீங்களா"ம்பேன். காது கேக்காத மாதிரிப் போயிருவாங்க. உதவி பண்ணவன்ணே நானு! அத்தை என்னன்னா மத்தியானம் ஆனா அரத்த எடுத்து வச்சுக்கிட்டுப் பாத்திரத்துல இருக்க பேர ராவுறாங்க. கிர்ர் கிர்ர்னு தெருவுக்கே கேக்கும். "அத்தே, அப்படி ராவுனா ஸ்டீலு வீணாப் போயிரும், பேரும் போகாது, தழும்பு தான் நிக்கும்"னு சொல்லிப் பாத்தேன். கதவச் சாத்திட்டாங்க.

இப்பத் தெருவுல எவனும் என்னை வைஃபைக்குக் கூப்பிடுறதில்ல. "ஜெகன் வந்தா வீடு வெளங்காது"ங்கறானுங்க. எனக்கு வருத்தம் இல்லைன்னா பொய் தான். ஆனாலும் நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லண்ணே. உங்கள மாதிரி இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு பேரு விசாரிக்க வந்தாங்க. தேனி பக்கம் ஒருத்தரு, மணப்பாறை ஒருத்தரு. எல்லாருக்கும் இதே மாதிரி டீ சொல்லி, உக்கார வச்சு, ஆதியில இருந்து பொறுமையா எடுத்துச் சொல்லித்தான் அனுப்புனேன். பொண்ணு தங்கம்னு தான் ஆரம்பிச்சேன். என்னமோ தெரியல, ஒருத்தரும் திரும்பி வரல. அந்த வீட்டுக்கு நேரம் சரியில்ல போல.

என்ன? பத்திரிகை வரைக்கும் போயிருச்சான்னா? ஆமான்னு தான் சொன்னேனே! இவ்வளவு நேரம் நான் தொண்டத் தண்ணி வத்தச் சொன்னதுல அது ஒண்ணு தான் உங்க காதுல விழுந்துச்சா? அந்த மணப்பாறைக்காரரும் கடைசில இதே தான் கேட்டாரு. இல்லண்ணே, வத்தலக்குண்டுக்காரங்க வேற, முதல்ல பேசுனது வேற. ஆமா, ரெண்டு. உங்களோட சேத்தா... எந்திரிச்சுட்டீங்க? டீ சொல்லிருக்கேன்ணே, இந்தா வந்துரும். அத்தை இப்ப வீட்டுல தான் இருப்பாங்க. உங்க வீட்டுல இருந்து ஆளு வர்றதா தரகரு சொல்லிட்டாரு போல, காலையிலேயே வாசல் தெளிச்சுப் பெருசாக் கோலம் போட்டிருந்தாங்க. அக்கா கூட இன்னிக்கு மில்லுக்குப் போகல.

சரிண்ணே. போயிட்டு வாங்க.

அண்ணே! அண்ணே, அந்தப் பக்கம் இல்ல! அது பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழி! வீடு இந்தப் பக்கம், பச்சைக் கதவு... அண்ணே!

வேகமாப் போயிட்டாரு. காது மந்தம் போல.

சரி, நாம மனுவ முடிப்போம். நல்லவிதமா நாலு வார்த்தை சொல்லி அனுப்பியாச்சு, இனிமே அவங்க பாடு. சிட்டாவ எடுங்கக்கா. என்னக்கா, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புறீங்க? மனு வேணாமா? ஏங்க்கா, ஏன் என்னை அப்படிப் பாக்குறீங்க?